ஒரு நாளைக்கு 23 மணி நேரம்: என் மகன் போட்டிருந்த தலை ஹெல்மெட் பற்றி

மகனின் சப்பைத் தலையைச் சரிசெய்ய வாங்கிய ஹெல்மெட் கையில் கிடைத்த அன்று நான் செய்த முதல் காரியம் அதை முகர்ந்து பார்த்ததுதான். புதுச் செருப்புப் பெட்டியைத் திறந்தால் வருமே, அந்த வாசனை. இரண்டாவது வாரத்துக்குப் பிறகு முகர்ந்து பார்க்கத் தேவையே இருக்கவில்லை, அடுத்த அறையில் இருந்தாலே தெரிந்துவிடும். இதைப் படிக்க வந்திருப்பவர்களில் பாதிப் பேர் நடு இரவில் தூக்கம் வராமல், பக்கத்தில் தூங்கும் குழந்தையின் தலையை மேலிருந்து எடுத்த புகைப்படத்தை விரலால் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருப்பீர்கள் என்று தெரியும், நானும் அப்படித்தான் இருந்தேன். அதனால் தீர்ப்பை இழுத்தடிக்காமல் சொல்லிவிடுகிறேன்: வேலை செய்தது என்றுதான் நினைக்கிறேன். அந்த "நினைக்கிறேன்" என்பதை மட்டும் என்னால் எடுக்க முடியவில்லை, ஏன் என்று பிறகு சொல்கிறேன். அவனுக்கு ஐந்தாவது மாதம் முடிந்ததும் போட ஆரம்பித்து, பத்தாவது மாதம் முடிந்தபோது கழற்றினோம்.

மகனுக்கு இரண்டு மாதம் ஆனபோது, குளிப்பாட்டுகையில் மனைவிதான் முதலில் கவனித்தார். ஈர முடி தலையோடு ஒட்டியிருக்கும்போது வலது பின்பக்கம் சப்பையாக, யாரோ உள்ளங்கையை வைத்து அழுத்திவிட்ட மாதிரி இருந்தது. எப்போதும் வலது பக்கமே திரும்பிப் படுப்பான், அந்தப் பக்கம் ஜன்னல் இருப்பதால் வெளிச்சத்தைப் பார்க்கிறான் என்று நாங்களே ஒரு விளக்கம் சொல்லிக்கொண்டிருந்தோம். சரி என்று தொட்டிலைத் திருப்பிப் போட்டோம். ஜன்னல் இடது பக்கம் வந்தது, அவன் வலது பக்கம் திரும்பிச் சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்தான். அப்போதுதான் இது வெளிச்ச விவகாரம் இல்லை என்று உறைத்தது.

கழுத்தில்தான் விஷயம். காதுக்குப் பின்னாலிருந்து இறங்கிக் காறையெலும்பில் சேரும் தசை ஒன்று இருக்கிறது, அது இடது பக்கம் இறுகியிருந்தால் தலை இடது தோளை நோக்கிச் சாயும், முகம் வலது பக்கம் திரும்பும். டார்டிகோலிஸ் என்கிறார்கள். எங்கள் பிசியோதெரபிஸ்ட் அவன் தலையை இடது பக்கம் மெதுவாகத் திருப்பப் பார்த்தார், பாதிக்கு மேல் போகவில்லை, முகம் சிவந்து ஒரு கத்து கத்தினான். தலை சப்பையாக இருக்கும் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போகிறவர்கள் முதலில் கழுத்தைப் பார்க்கச் சொல்லுங்கள். கழுத்து அந்தப் பக்கம் திரும்பவே முடியாத பிள்ளையை "மாற்றிப் படுக்க வையுங்கள்" என்று சொல்லி அனுப்புவதில் எந்தப் பிரயோஜனமும் இல்லை, எங்களை ஒருவர் அப்படித்தான் அனுப்பினார், அதில் ஒரு மாதம் போனது.

இன்னொன்று, இதற்காக யாரும் மல்லாந்து படுக்க வைப்பதை நிறுத்திவிடாதீர்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவர் சங்கம் 1992-இல் குழந்தைகளைக் குப்புறப் போட்டுத் தூங்க வைக்க வேண்டாம் என்றது, 1994-இல் அதைப் பெரிய பிரசாரமாகவே ஆரம்பித்தார்கள், தூக்கத்தில் காரணம் தெரியாமல் குழந்தைகள் இறந்துபோவது அங்கே அதற்குப் பிந்தைய ஆண்டுகளில் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சப்பைத் தலைகள் கூடியதும் அதே காலத்தில்தான். கனடாவில் 440 குழந்தைகளை ஏழிலிருந்து பன்னிரண்டு வார வயதில் பரிசோதித்ததில் 46.6 சதவீதத்தினருக்கு ஏதோ ஓர் அளவு சப்பை இருந்தது, பெரும்பாலும் லேசானது, வலது பக்கம்தான் அதிகம் (2013-இல் வெளிவந்தது). அந்த எண்ணைப் படித்த இரவுதான் எனக்குக் கொஞ்சம் தூக்கம் வந்தது. அதுவரை நாங்கள்தான் எதையோ தப்பாகச் செய்துவிட்டோம் என்ற நினைப்பு இருந்தது, இரண்டு பேருக்கும், ஒருவருக்கொருவர் சொல்லிக்கொள்ளவில்லை.

ஹெல்மெட் பேச்சு வருவதற்கு முன்னால் ஒரு முக்கியமான கட்டம். மண்டையோட்டு எலும்புகளுக்கு நடுவிலுள்ள தையல்கள் முன்கூட்டியே ஒட்டிக்கொண்டதாலும் தலை கோணலாகலாம், அதன் பெயர் கிரேனியோசினோஸ்டோசிஸ், அதை ஹெல்மெட் மட்டும் சரிசெய்யாது, அறுவை சிகிச்சை வரை போகும் சமாசாரம். படுத்ததால் வந்த சப்பை என்றால் மேலிருந்து பார்க்கையில் தலை இணைகரம் மாதிரி இருக்கும்: வலது பின்பக்கம் உள்ளே போயிருந்தால் வலது காது முன்னால் நகர்ந்திருக்கும், வலது நெற்றியும் துருத்திக்கொண்டிருக்கும், மொத்தத் தலையையும் ஒரு பக்கம் தள்ளிவிட்ட மாதிரி. பின்பக்கத் தையல் ஒட்டியிருந்தால் சரிவகம் மாதிரி வரும். பள்ளியில் படித்த ஜியோமெட்ரி எனக்கு முதல்முறையாக உபயோகப்பட்டது இங்கேதான். ஆனால் நீங்களே புகைப்படத்தை வைத்து முடிவு பண்ணாதீர்கள், தொட்டுப் பார்க்கத் தெரிந்த மருத்துவரிடம் காட்டுங்கள். எங்கள் மருத்துவர் இரண்டு நிமிடம் தடவிப் பார்த்துவிட்டு இணைகரம்தான் என்றார். (அவர் "பாரலலோகிராம்" என்றுதான் சொன்னார், தமிழில் யோசித்துப் பார்த்துக்கொண்டது நான்.)

அப்புறம் இரண்டு மாதம் பிசியோ, விழித்திருக்கும்போதெல்லாம் குப்புறப் போடுவது, இடது பக்கமிருந்தே பேசுவது, இடது பக்கமிருந்தே பால் கொடுப்பது, இடது பக்கமே கிலுகிலுப்பை. கழுத்து நன்றாக இளகிவிட்டது. தலைதான் அப்படியே இருந்தது. இடையில் அக்கா நடுவில் குழி வைத்த தலையணை ஒன்று அனுப்பியிருந்தார், தலையை உருட்டி எடுக்குமாம். தலை வடிவத்துக்கென்று விற்கும் இந்த மாதிரித் தலையணைகளை வாங்க வேண்டாம், தூங்கும் குழந்தைக்கு மூச்சுத் திணறும் ஆபத்து இருக்கிறது என்று அமெரிக்காவின் உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2022 நவம்பரில் எச்சரித்திருக்கிறது. அக்காவிடம் சொல்லவில்லை, தலையணை அலமாரியில் இருக்கிறது.

ஐந்தாம் மாத முடிவில் அளந்தார்கள். நெற்றியின் ஒரு மூலையிலிருந்து பிடரியின் எதிர்மூலை வரை இரண்டு மூலைவிட்டங்கள், நீளமானது 142 மில்லிமீட்டர், குட்டையானது 129. வித்தியாசம் 13, அதை நீளமானதால் வகுத்துச் சதவீதமாக்கினால் 9.2. இதற்கு சிவிஏஐ என்று பெயர். பரவலாகப் பயன்படுத்தும் அட்டவணையில் 3.5-க்குக் கீழே இருந்தால் சாதாரணம், 6.25 வரை லேசானது, 8.75 வரை நடுத்தரம், அதற்கு மேல் தீவிரம், 11-ஐத் தாண்டினால் மிகத் தீவிரம். ஆக எங்களுடையது தீவிரம். இந்த எண் கையில் இல்லாமல் ஹெல்மெட் வேண்டுமா வேண்டாமா என்று யாருடனும் வாதாடாதீர்கள், கண்ணுக்கு ஒரு நாள் பெரிதாகத் தெரியும், மறுநாள் ஒன்றுமே இல்லாத மாதிரி தெரியும்.

இப்போது அந்த "நினைக்கிறேன்" விஷயம். 2014-இல் நெதர்லாந்து ஆய்வு ஒன்று பிஎம்ஜே என்ற மருத்துவ இதழில் வந்தது. 5-6 மாத வயதுள்ள 84 குழந்தைகளைக் குலுக்கல் முறையில் பிரித்து, பாதிப் பேருக்கு ஆறு மாதம் ஹெல்மெட், மற்றவர்களை அப்படியே விட்டுவிட்டு, இரண்டு வயதில் அளந்து பார்த்தார்கள். முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம், போடாதவர்களில் 23 சதவீதம். அவ்வளவுதான் வித்தியாசம். ஹெல்மெட் போட்ட பிள்ளைகளின் பெற்றோர் எல்லாருமே ஏதாவது ஒரு தொந்தரவைச் சொல்லியிருந்தார்கள். இதைப் படித்துவிட்டு மனைவியிடம் "வேண்டாம், விட்டுவிடலாம்" என்றேன். அவர் முழுதும் படித்தார், நான் பாதியில் நிறுத்தியிருந்தேன். மிகத் தீவிரமான தலைகளை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை, டார்டிகோலிஸ் இருந்த குழந்தைகளையும் சேர்க்கவில்லை. அதாவது நம் பையன் அந்த 84 பேரில் ஒருவனாக இருந்திருக்கவே முடியாது. 2016-இல் அமெரிக்க நரம்பியல் அறுவை மருத்துவர்களின் அமைப்பு ஒன்று வழிகாட்டுதல் வெளியிட்டது, படுக்கும் விதத்தை மாற்றியும் பிசியோ செய்தும் நடுத்தரமோ தீவிரமோவாகத் தங்கிவிட்ட தலைகளுக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது. ஆக, படித்த மனிதர்களே இரண்டு பக்கமும் நிற்கிறார்கள். ஒரு வாரம் வீட்டில் இதே பேச்சு. கடைசியில் முடிவு செய்தது எந்த ஆய்வும் இல்லை. பின்னால் ஒரு காலத்தில் அவன் வந்து கேட்டால் என்ன சொல்வது என்று மனைவி கேட்டார், எனக்குப் பதில் வரவில்லை, போட்டுவிட்டோம்.

ஸ்கேன் எடுத்த அன்று நான் பயந்ததுபோல எதுவும் இல்லை. முன்பெல்லாம் தலையைச் சுற்றிப் பிளாஸ்டர் கட்டி அச்சு எடுப்பார்களாம். இப்போது தலையில் காலுறை மாதிரி ஒரு மெல்லிய துணியை மாட்டி, கேமரா முன்னால் உட்கார வைத்துச் சில விநாடிகளில் முடித்துவிட்டார்கள். திரையில் அவன் தலை சாம்பல் நிறத்தில் சுழன்றது. கண் இல்லை, முடி இல்லை, வடிவம் மட்டும். அதுவரை முகம் இருந்ததால் தெரியாமலிருந்த கோணல் அப்போது அப்பட்டமாகத் தெரிந்தது. மனைவி எழுந்து வெளியே போய்விட்டார்.

ஹெல்மெட் என்ன செய்கிறது என்பதைப் பலரும் தப்பாகப் புரிந்துகொள்கிறார்கள், நானும்தான். அது தலையை நசுக்குவதில்லை. வெளியே கெட்டியான பிளாஸ்டிக் ஓடு, உள்ளே ஃபோம். துருத்திக்கொண்டிருக்கும் இடங்களில் ஃபோம் ஒட்டி உட்காரும், சப்பையான இடத்தில் வெற்றிடம் விட்டிருப்பார்கள். தலை வளர்ந்தே ஆக வேண்டும், இடம் இருக்கும் பக்கம் வளர்கிறது. எல்லா வேலையும் குழந்தையினுடையது, இது வழிகாட்டுகிறது, அவ்வளவுதான். அதனால்தான் வயதுக்கு இவ்வளவு முக்கியத்துவம். தலைச் சுற்றளவு முதல் மூன்று மாதத்தில் மாதம் சுமார் 2 சென்டிமீட்டர் வளரும், அடுத்த மூன்று மாதத்தில் மாதம் 1, அதற்கப்புறம் ஒரு வயது வரை மாதம் அரை சென்டிமீட்டர். வழிகாட்ட வேண்டிய வளர்ச்சியே தீர்ந்துபோன பிறகு போய் ஹெல்மெட் மாட்டினால் அது வெறும் தொப்பி. 1998-இல் இந்த மாதிரிக் கருவிக்கு எஃப்டிஏ முதன்முதலாக அனுமதி கொடுத்தபோதே 3 முதல் 18 மாதம் வரை என்று எல்லை போட்டிருந்தது, ஆனால் 18 மாதத்தில் ஆரம்பித்து என்ன கிடைக்கும் என்பதை மேலே சொன்ன கணக்கை வைத்து நீங்களே போட்டுப் பாருங்கள்.

முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டு ஒரு மணி நேரம் கழற்ற வேண்டும், பிறகு இரண்டு, நான்கு, எட்டு என்று ஏற்றி, ஒரு வாரத்துக்குள் 23 மணி நேரம். அவன் அழுவான் என்று நான் விடுப்பு எடுத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். மாட்டினோம், கண்ணை மேலே உருட்டி ஓரத்தைப் பார்த்தான், கொட்டாவி விட்டான். அவ்வளவுதான் எதிர்ப்பு. முதல் இரவு மட்டும் மூன்று தடவை எழுந்தான், இரண்டாம் இரவு ஒரு தடவை, அப்புறம் பழைய கணக்குக்கு வந்துவிட்டான். தூங்காமல் கிடந்தது நாங்கள்தான். அவன் திரும்பும்போதெல்லாம் பிளாஸ்டிக் தொட்டில் கம்பியில் இடிக்கும், "டொக்" என்று ஒரு சத்தம், ஒவ்வொரு டொக்குக்கும் எழுந்து போய்ப் பார்ப்போம்.

வியர்வை பற்றி யாரும் சரியாக எச்சரிக்கவில்லை. "கொஞ்சம் வியர்க்கும்" என்றார்கள். கொஞ்சமா! முதல் பத்து நாள் கழற்றும்போது முடியிலிருந்து சொட்டியது. பிறகு உடம்பு பழகிக்கொண்டு குறைந்தது உண்மைதான், ஆனால் அந்தப் பத்து நாளில் பிடரி முழுக்க வேர்க்குரு. இரவு ஹெல்மெட் இல்லாத அந்த ஒரு மணி நேரத்தில் தலையைக் கழுவித் துடைத்து முழுதாக உலர விட்டு, ஹெல்மெட்டின் உட்புறத்தை மென்மையான பல் துலக்கும் பிரஷ்ஷால் தேய்த்து, அவர்கள் சொன்ன ஆல்கஹாலைப் பூசித் துடைத்து, அது முழுதும் காய்ந்த பிறகுதான் மறுபடி மாட்ட வேண்டும். மின்விசிறிக்கு முன்னால் கவிழ்த்து வைத்தால் சீக்கிரம் காயும். ஹேர் ட்ரையர் சூட்டில் காட்டாதீர்கள், ஃபோம் வடிவம் மாறிவிடும். தலையில் பவுடர், கிரீம், எதுவும் கூடாது. ஒரு நாள் சோம்பல்பட்டுத் துடைக்காமல் விட்டால் மறுநாள் தெரியும், அந்த நாற்றத்தை எதனோடு ஒப்பிடுவது என்று யோசித்தேன், மழையில் நனைந்த காலுறையைப் பையில் போட்டு மறந்துவிட்டால் வருவது, கிட்டத்தட்ட அது.

கழற்றும்போது தலையில் சிவப்புத் தடம் இருக்கும், பயப்பட வேண்டாம், துருத்திய இடத்தில் ஃபோம் படுகிறது என்று அர்த்தம். ஒரு மணி நேரத்துக்குள் மறைந்துவிட வேண்டும். மறையாவிட்டால், தோல் உரிந்தால், கொப்புளம் வந்தால் உடனே கழற்றிவிட்டுப் போய்க் காட்ட வேண்டும். எங்களுக்கு மூன்றாவது வாரம் அதுதான் நடந்தது. இடது பின்பக்கம் ஒரு ரூபாய் நாணய அளவுக்குச் சிவப்பு, ஒரு மணி நேரம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, போகவில்லை. கிளினிக்குக்குத் தொலைபேசியில் சொன்னேன். வரவேற்பில் இருந்தவர் "உங்கள் அடுத்த சந்திப்பு ஒன்பது நாளில் இருக்கிறது சார், அப்போது காட்டுங்கள்" என்றார். ஒன்பது நாள் போடாமல் வைத்திருப்பதா, அல்லது புண்ணாகிற வரை போடுவதா? இதை அவரிடம் கேட்டேன், அவருக்குப் பதில் தெரியவில்லை, அது அவர் குற்றமும் இல்லை. நேராகக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு போய் நின்றுவிட்டோம். ஹெல்மெட் செய்யும் ஆர்த்தோட்டிஸ்ட் பார்த்துவிட்டு, உள்ளே போய் ஃபோமை இரண்டு மில்லிமீட்டர் தேய்த்துக் கொண்டுவந்தார், நாலே நிமிடம். மறுநாள் தடம் இல்லை. அந்த நாலு நிமிடத்துக்கு ஏன் இவ்வளவு மல்லுக்கட்ட வேண்டியிருந்தது?

இங்கேதான் நான் சொல்ல நினைத்த முக்கியமான விஷயம். நாம் வாங்குவது ஹெல்மெட் என்று நினைக்கிறோம், உண்மையில் வாங்குவது அதைத் தேய்க்கிறவரின் கையை. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை போய், தலை எங்கே வளர்ந்திருக்கிறது, எங்கே முட்டுகிறது, எங்கே இன்னும் இடம் விட வேண்டும் என்று பார்த்துப் பார்த்து ஃபோமைச் சுரண்டிக்கொண்டே இருக்க வேண்டும். அதைச் செய்யாமல் ஐந்து மாதம் அப்படியே மாட்டி வைத்தால் அழகான பிளாஸ்டிக் கிண்ணம்தான் மிச்சம். எங்கள் ஆர்த்தோட்டிஸ்ட் அதிகம் பேசாதவர், கண்ணை மூடிக்கொண்டு விரலால் தலையைத் தடவுவார், பிறகு பென்சிலால் ஃபோமில் ஒரு கோடு. ஒரு தடவை அவர் விடுமுறையில் இருந்தபோது வேறொருவர் பார்த்தார், சுரண்டியது போதவில்லையோ அதிகமோ தெரியாது, அந்த இரண்டு வாரம் ஹெல்மெட் தலையில் சுற்றிக்கொண்டே இருந்தது. காதுக்காக விட்டிருக்கும் ஜன்னல் கன்னத்துக்கு வந்துவிடும், காலையில் எழுந்தால் பையன் ஒரு கண்ணால் பார்ப்பான். ஆகவே எந்தக் கம்பெனி ஹெல்மெட் என்று கேட்பதைவிட, யார் தேய்ப்பார், எத்தனை நாளுக்கு ஒருமுறை, இடையில் பிரச்சினை வந்தால் அன்றே பார்ப்பாரா என்று கேளுங்கள். எழுதி வாங்கிக்கொண்டாலும் தப்பில்லை.

பொருளாகப் பார்த்தால் பெரிய குறை அந்தப் பட்டை. பக்கவாட்டில் ஒரே ஒரு வெல்க்ரோ. ஏழாவது மாதத்தில் என் மகன் அதைக் கண்டுபிடித்தான், "கர்ர்ர்" என்ற சத்தம் அவனுக்கு உலகத்திலேயே பிடித்த சத்தமாகிவிட்டது. கர்ர்ர், சிரிப்பு, ஹெல்மெட் தரையில். நாளைக்கு இருபது தடவை. முடியும் நூலும் சேர்ந்து வெல்க்ரோ ஒட்டாமல் போய், ஹெல்மெட் போட ஆரம்பித்த நான்காவது மாதம் பட்டையை மாற்றித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கினோம், அதுவும் சீக்கிரமே தளர்ந்தது. இவ்வளவு துல்லியமாகத் தலையை ஸ்கேன் செய்து மில்லிமீட்டர் கணக்கில் அச்செடுக்கத் தெரிந்தவர்களுக்கு, குழந்தைக்குக் கை என்று ஒன்று இருப்பது தெரியாமல் போனது எப்படி என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

விழுந்தால் காப்பாற்றும் என்று நினைக்க வேண்டாம், இது அந்த வகை ஹெல்மெட் இல்லை. ஆனால் தவழ ஆரம்பித்தபோது மேசைக் காலில் முட்டி அவன் பாட்டுக்குப் போய்க்கொண்டே இருந்ததைப் பார்த்தபோது கொஞ்சம் நிம்மதியாக இருந்தது என்பதை மறைக்கவில்லை. அடிபட்டது எங்களுக்குத்தான். தோளில் போட்டுத் தட்டிக்கொடுக்கும்போது திடீரென்று தலையைப் பின்னால் இழுத்து முன்னால் போடுவான், என் கீழுதடு இரண்டு தடவை கிழிந்தது. பால் கொடுக்கும்போது மனைவியின் முழங்கை மடிப்பில் ஓரம் அழுத்தி நிரந்தரமாக ஒரு தடம், அந்தத் தடம் ஒரு மணி நேரத்தில் மறையவில்லை, அதற்கு ஆர்த்தோட்டிஸ்டிடம் மருந்தும் இல்லை. மடித்த துண்டு ஒன்றைக் கையில் போட்டுக்கொண்டால் ஓரளவு தாங்கும். காரில் போகிறவர்கள் ஹெல்மெட்டோடு குழந்தை இருக்கையில் உட்கார வைத்துத் தலை முன்னால் தள்ளப்படுகிறதா என்று ஒருமுறை பாருங்கள்.

வெளியே போனால் பார்ப்பார்கள். லிஃப்டில் ஒருவர் "ஐயோ, கீழே போட்டுட்டீங்களா?" என்றே கேட்டார். ஆரம்பத்தில் நின்று விளக்கினேன், கழுத்துத் தசை, இணைகரம் என்று. இரண்டாவது மாதம் "தலை வடிவத்துக்காக" என்பதோடு முடித்துக்கொண்டேன். மூன்றாவது மாதம், நான்கு வயது மகள் ஹெல்மெட் முழுக்க டைனோசர் ஸ்டிக்கர் ஒட்டிவிட்டாள், அதற்கப்புறம் மக்கள் டைனோசரைப் பற்றிக் கேட்க ஆரம்பித்தார்கள். ஸ்டிக்கர் ஒட்டலாம், பெயிண்ட் அடிப்பதென்றால் கேட்டுவிட்டு அடியுங்கள், சில வகை பெயிண்ட் பிளாஸ்டிக்கைக் கெடுக்கும்.

அந்த ஒரு மணி நேரம் இருக்கிறதே, இரவு ஏழிலிருந்து எட்டு. ஹெல்மெட் இல்லாத தலை. முதலில் அது சுத்தம் செய்யும் நேரமாகத்தான் இருந்தது. பிறகு வீட்டில் சண்டையே வந்தது, யார் மடியில் அவன் என்று. உச்சந்தலையில் மூக்கை வைத்து மூச்சிழுக்கிற அந்தச் சுகம் நாளைக்கு ஒரு மணி நேரம்தான் என்று ஆகும்போதுதான், அதற்கு முன்னால் நாள் முழுக்க எத்தனை தடவை அதைச் செய்துகொண்டிருந்தோம் என்று தெரிந்தது. மற்ற நேரத்தில் பழக்கதோஷத்தில் குனிந்து முத்தம் கொடுப்பேன், உதட்டில் டைனோசர் படும். கடைசியில் ஹெல்மெட்டைக் கழுவுகிறவருக்கு மடி கிடையாது என்று மனைவி ஒரு சட்டம் போட்டார். கழுவுவது நான் என்பதால் அந்தச் சட்டம் யாருக்காகப் போடப்பட்டது என்று விளக்கத் தேவையில்லை.

காய்ச்சல் வந்தால் கழற்றிவிட வேண்டும், தலை வழியாகச் சூடு வெளியேற வழி வேண்டும். எட்டாவது மாதம் இரண்டு நாள் அப்படிக் கழற்றி வைத்திருந்தோம், எல்லாம் வீணாகிவிட்டது என்று பயந்தேன், ஒன்றும் ஆகவில்லை, திரும்ப மாட்டும்போது சரியாகவே பொருந்தியது. ஒரு வாரம் விட்டால் பொருந்தாமல் போகலாம் என்றார் ஆர்த்தோட்டிஸ்ட்.

முடிவு: பத்தாவது மாதம் அளந்தபோது நீளமான மூலைவிட்டம் 148, குட்டையானது 141. அதாவது ஐந்து மாதத்தில் நீளமானது 6 மில்லிமீட்டர்தான் வளர்ந்திருக்கிறது, குட்டையானது 12. சிவிஏஐ 4.7, தீவிரத்திலிருந்து லேசானதுக்கு வந்துவிட்டது. முழுதாகச் சரியாகவில்லை. வலது காது இன்னும் சற்றே முன்னால்தான் இருக்கிறது, கண்ணாடி போட்டால் தெரியலாம். இன்னும் ஒரு மாதம் போட்டுப் பார்க்கலாமா என்று கேட்டேன், போடலாம், ஆனால் இனி வளர்ச்சி மெதுவாகிவிடும், கிடைப்பது கொஞ்சம்தான் என்று ஆர்த்தோட்டிஸ்டே நேர்மையாகச் சொன்னார், நிறுத்திவிட்டோம். போடாமல் இருந்திருந்தால் இந்த எண் என்னவாக இருந்திருக்கும்? என்னிடம் இருப்பது ஒரே ஒரு மகன், ஒரே ஒரு தலை, குலுக்கலில் மறு பாதிக்கு யாருமில்லை. பாதியாவது தானாகவே சரியாகியிருக்கும் என்று ஒரு நாள் தோன்றும், குட்டை மூலைவிட்டம் மட்டும் இரண்டு மடங்கு வளர்ந்தது தற்செயலா என்று இன்னொரு நாள் தோன்றும்.

நட்சத்திரம் கேட்பீர்கள். ஹெல்மெட்டுக்கு நான்கு, பட்டைக்கு ஒன்று, ஆர்த்தோட்டிஸ்டுக்கு ஐந்து, அந்தக் கிளினிக்கின் தொலைபேசிக்குப் பூஜ்யம். உங்கள் சிவிஏஐ எண் ஆறுக்குக் கீழே என்றால், கழுத்தைச் சரிபார்த்துவிட்டு, குப்புறப் போட்டு விளையாடிக்கொண்டு, நிம்மதியாக இருங்கள், நானாக இருந்தால் போட மாட்டேன். எட்டு ஒன்பது என்று இருந்து பிசியோவுக்குப் பிறகும் அசையவில்லையென்றால், ஆறாவது மாதத்துக்குள் முடிவெடுங்கள், "ஒரு மாதம் பொறுத்துப் பார்ப்போம்" என்று தள்ளிப்போடாதீர்கள்.

அந்த ஒரு தலைக்கென்றே செய்தது என்பதால் ஹெல்மெட்டை வேறு பிள்ளைக்குக் கொடுக்கவும் முடியாது. தூக்கிப் போடலாம் என்று எடுத்து வைத்திருந்தேன், மகள் அதை அவளுடைய கரடிக்கு மாட்டிவிட்டாள். கரடிக்குத் தலை சின்னது, கண் வரை இறங்கி மூக்கில் நிற்கிறது. பட்டையை எவ்வளவு இழுத்து ஒட்டினாலும் நிற்கவில்லை அப்பா, வேறு வாங்கிக் கொடு என்கிறாள்.